மகன் இருந்தா அம்மாச்சிக்கு பென்சன் கிடையாதா?

கேள்வி: ஐயா வணக்கம். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில டெய்லரா இருக்கேன். சொந்த ஊரு தொண்டிக்கு தெக்க, கடக்கரை ஓரம். எங்க அம்மாச்சி அங்க ஒரு கொட்டகைல தனியா இருக்காங்க. தாத்தா நான் பொறக்குறதுக்கு முன்னாடியே வீட்லயே காய்ச்சல்ல தவறிட்டாரு, எங்க அம்மாவும் இப்ப இல்ல. மாமா ஒருத்தர் இருக்காரு, விசைப்படகுல கூலிக்கு போறாரு, மூணு பிள்ளைங்க, பக்கத்து வீடுதான், ஆனா அடுப்பு தனி. அம்மாச்சி கருவாடு காய வைக்கிற வேலைக்கு போய்ட்டு இருந்தாங்க, இப்ப கண்ணு சரியா தெரியல. இ-சேவைல முதியோர் பென்சன் போட்டோம், தள்ளுபடி ஆயிடுச்சு. விஏஓகிட்ட கேட்டா மகன் இருக்கான், ஒரே ரேசன் கார்டு, ஆதார்ல வயசும் பத்தலங்குறாரு. ஆதார்ல 01.01.1968ன்னு இருக்கு, வோட்டர் கார்டு கணக்குப்படி பாத்தா 1955. அத்தை வேற, கெழவிக்கு பென்சன் வந்தா என் உரிமைத்தொகை நின்னுரும்னு பயப்படுறாங்க. ஊர்ல ஒருத்தர் ஆறாயிரம் குடுத்தா முடிச்சு தர்றேங்குறாரு. மாமா மேல கேஸ் போட்டாத்தான் கிடைக்கும்னும் சில பேரு சொல்றாங்க. என்ன பண்றதுன்னே தெரியல ஐயா.

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஆறாயிரத்த பத்திரமா வைங்க. ஆறாயிரம்னா அஞ்சு மாச பென்சன், வராத பென்சனுக்கு அஞ்சு மாசத்த முன்கூட்டியே தூக்கி குடுக்குறதா? அந்த ஆளு என்ன செய்வாருன்னா, நீங்க போட்ட அதே மனுவ அதே இ-சேவைல திரும்ப போடுவாரு, கிடைச்சா நான்தான் வாங்கி குடுத்தேம்பாரு, கிடைக்கலன்னா ஆபீசர் மாறிட்டாரும்பாரு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் இந்த மாவட்டத்து தாலுகா ஆபீஸ்லதான் குப்பை கொட்டுனேன், பென்சன் மனுக்கள பாக்குற சமூகப் பாதுகாப்புத் திட்ட சீட்லயும் இருந்திருக்கேன், அதனால இந்த மாதிரி ஆளுங்க எப்படி பேசுவாங்கன்னு எனக்கு மனப்பாடம்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். உங்க லெட்டர படிச்சதும் எனக்கு மொதல்ல பட்டது என்னன்னா நீங்க தப்பான வாசல தட்டிட்டு இருக்கீங்க. அம்மாச்சி வயசானவங்கதான், ஆனா அதுக்கு முன்னாடி அவங்க கணவர இழந்தவங்க. முதியோர் உதவித்தொகைக்கு அறுபது வயசு முடிஞ்சிருக்கணும். ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு அந்த அறுபதுங்குற பேச்சே இல்ல, பதினெட்டு வயசுக்கு மேல இருந்தா போதும், மறுமணம் பண்ணிருக்க கூடாது, அவ்வளவுதான் வயசு சம்பந்தமான விசயம். தொகையும் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 2011ல இருந்து 1000 ரூபாயா இருந்தத 2023 ஆகஸ்ட்ல 1200 ஆக்குனாங்க, அது முதியோருக்கும் விதவைகளுக்கும் சேர்த்துத்தான். அப்ப ஆதார்ல 1968ன்னு இருந்தா என்ன 1955ன்னு இருந்தா என்ன? வயசு சண்டைய விட்டுட்டு மனுவ இந்த பக்கம் திருப்புங்க. இ-சேவைல இருக்கிற பொண்ணு வெள்ளை முடிய பாத்ததும் முதியோர் திட்டத்த கிளிக் பண்ணிரும், இது எல்லா ஊர்லயும் நடக்குறது, நாமதான் எந்த திட்டம்னு சொல்லி போடணும்.

ஆனா இந்த வாசல்ல ஒரு பூட்டு இருக்கு. தாத்தாவோட இறப்புச் சான்று. நான் பொறக்குறதுக்கு முன்னாடியேன்னு நீங்க எழுதுனத பாத்தா அந்த பேப்பர் கைல இல்லன்னு தெரியுது. உடனே சோர்ந்து போயிராதீங்க, பல வீட்ல நடக்குறது என்னன்னா இறப்பு பதிவாகியிருக்கும், வீட்டு ஆளுகளுக்குத்தான் தெரியாது. கிராமத்துல பிறப்பு இறப்பு பதிவாளரே விஏஓதான், ஊர்ல ஒரு சாவுன்னா தலையாரி போய் சொல்லிருப்பாரு, அவரு நோட்டுல ஏத்திருப்பாரு, சான்று வாங்க யாரும் போகலங்குறதால அது அப்படியே கிடக்கும். பழைய பதிவேடெல்லாம் தாலுகா அளவுல போய் சேர்ந்திருக்கும், உங்களுக்கு திருவாடானை. செத்த வருசம் உத்தேசமா சொல்லுங்க, முன்ன பின்ன ரெண்டு மூணு வருசம் சேர்த்து தேடச் சொல்லி எழுதி குடுங்க. பேரு வேற மாதிரி எழுதிருக்கும்ங்குறத மனசுல வச்சுக்கோங்க, வீட்ல கூப்பிட்ட பேரு, பட்டப்பேரு, அப்பா பேரோட சேர்த்து எழுதுனது, எதுவேணா இருக்கலாம்.

தேடியும் கிடைக்கலன்னா பதிவு இல்லைன்னு ஒரு சான்று குடுப்பாங்க, அத வேண்டாத பேப்பர்னு நெனச்சு தூக்கி போட்றாதீங்க, அதுதான் அடுத்த படிக்கு சாவி. ஒரு வருசத்துக்கு மேல ஆன இறப்ப பதியணும்னா ராமநாதபுரம் ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்ல மனு போட்டு உத்தரவு வாங்கணும், அதுக்கு அந்த பதிவு இல்லை சான்று வேணும், கூடவே இறந்தாருன்னு காட்ட ஏதாச்சும் வேணும். உங்க பக்கம் கத்தோலிக்க ஊருகள் நெறைய, சர்ச்ல அடக்கப் பதிவேடு இருக்கும், பங்குச்சாமிகிட்ட கேட்டா நகல் குடுப்பாரு. பள்ளிவாசல்னா ஜமாத் கடுதாசி. ரெண்டும் இல்லாத ஊர்னா பழைய ரேசன் கார்டுல பேர் அடிச்சது, ஊர் பெரியவங்க ரெண்டு பேரு வாக்குமூலம், இப்படி கிடைக்கிறத சேருங்க. இது ரெண்டு மூணு மாசம் இழுக்கும்தான், அலைய வைப்பாங்கதான், ஆனா ஒரு தடவ வாங்கிட்டா பட்டா மாத்துறதுல இருந்து எல்லாத்துக்கும் உதவும்.

(தாத்தா கடலுக்கு போய் திரும்பலன்னு இருந்திருந்தா கதையே வேற. ஒடம்பு கிடைக்காத சாவுக்கு ஏழு வருசம் தகவல் இல்லன்னு காட்டி கோர்ட்டு வழியா போகணும். நம்ம கடக்கரைல அந்த மாதிரி எத்தன பொம்பளைங்க தாலிய கழட்டவும் முடியாம பென்சன் வாங்கவும் முடியாம இருக்காங்கங்குறது தனியா எழுத வேண்டிய விசயம். உங்க தாத்தா வீட்ல தவறுனாருன்னு நீங்க எழுதியிருக்கிறதால அது வேண்டாம்.)

அடுத்தது மகன். இதுதான் உங்க மனு விழுந்த இடம், விதவை திட்டத்துல போட்டாலும் இதே கேள்வி வரும், அதனால இத நல்லா புரிஞ்சுக்கோங்க. மகன் இருக்கானாங்குறது இல்ல கேள்வி, மகன் சோறு போடுறானாங்குறதுதான். ஆதரவற்றவர்னா வருமானமும் இல்லாம, பாத்துக்க ஆளும் இல்லாம இருக்கவங்க. வயசுக்கு வந்த மகன் இருந்தாலும் அவன் ஆதரிக்கலன்னா, இல்ல ஆதரிக்கிற நெலமைல இல்லன்னா, அம்மா தகுதியானவங்கதான். ஆனா பீல்டுல என்ன நடக்குதுன்னா, விஏஓவுக்கு வேல ஆயிரம், மனு வந்ததும் ரேசன் கார்ட பாக்குறாரு, மகன் பேரு மருமக பேரு பேரப்பிள்ளைங்க பேரு எல்லாம் ஒரே கார்டுல, கூட்டுக்குடும்பம், மகன் ஆதரவுல உள்ளார், பரிந்துரை இல்லைன்னு எழுதிட்டு அடுத்த மனுவுக்கு போயிருவாரு. அவருக்கு மேல இருக்க ஆர்ஐ, அதாவது வருவாய் ஆய்வாளர், அதுக்கு கீழ கையெழுத்து. தனி தாசில்தார் மேசைக்கு வர்றப்ப அது முடிஞ்சு போன கேஸ்.

நாங்க நேர்ல விசாரிக்க போறப்ப மொதல்ல பாக்குறது அடுப்பத்தான். தனி அடுப்புன்னு யார் வேணா சொல்லலாம், மூணு கல்ல புதுசா வச்சு காட்டுனவங்களும் உண்டு, சாம்பலும் இருக்காது கரியும் இருக்காது. அரிசி எந்த பானைல இருக்கு, தண்ணி யாரு தூக்கி வைக்கிறா, ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, அத யாரு பொங்குனா, இப்படி நாலு கேள்வில தெரிஞ்சிரும். உங்க அம்மாச்சி நெசமாவே தனியா பொங்குறாங்கன்னா நேர்ல ஒரு ஆள் வந்தாலே பாதி கேஸ் தீர்ந்த மாதிரி, பிரச்சனை நேர்ல வரவைக்கிறதுதான்.

அதுக்கு ரேசன் கார்ட பிரிக்கலாமான்னு கேப்பீங்க. தனியா சமைச்சு சாப்பிடுறவங்களுக்கு தனி கார்டு கேக்க உரிமை இருக்கு, ஒத்த ஆளுக்கும் கார்டு உண்டு, மாமா கார்டுல பேர் நீக்கிட்டு புதுசா விண்ணப்பிக்கணும், அதுக்கும் வீட்டுக்கு வந்து பாப்பாங்க. அம்மாச்சி நெலமைக்கு இது உண்மையான விசயம்ங்குறதால செய்ங்க. பென்சனுக்காக பொய்யா பிரிக்கிறவங்களும் இருக்காங்க, நான் அதுக்கு யோசனை சொல்றதில்ல. ஆனா ஒண்ணு, பேர் நீக்குனதுக்கும் புது கார்டு வர்றதுக்கும் நடுவுல அம்மாச்சிக்கு அரிசி நின்னுரும், அந்த மாசங்களுக்கு மாமா வீட்ல இருந்தோ நீங்க பணம் அனுப்பியோ ஏற்பாடு பண்ணிட்டு அப்புறம் நீக்குங்க.

மாமா மேல கேஸ் போடுறத பத்தி. பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம்னு 2007ல வந்தது ஒண்ணு இருக்கு, ஆர்டிஓதான் அதுக்கு தீர்ப்பாயம், பிள்ளைங்க மாசம் பத்தாயிரம் வரைக்கும் அம்மா அப்பாவுக்கு குடுக்கணும்னு உத்தரவு போடலாம். நல்ல சட்டம். வீட்ட எழுதி வாங்கிட்டு அம்மாவ வெளிய தள்ளுன மகன், சிங்கப்பூர்ல சம்பாதிச்சிட்டு ஊர்ல மாடி கட்டிட்டு அப்பனுக்கு கஞ்சி ஊத்தாத மகன், இவங்க மேல போடணும், கண்டிப்பா போடணும். உங்க மாமா அந்த ஆளா?

அவரு படகு ஓனர் கிடையாது. கூலிக்கு போறவரு, அந்த கூலியும் பிடிச்ச மீன்ல ஒரு பங்குதான். மீன் பட்டா காசு, படலன்னா டீசல் கழிச்சு கைல ஒண்ணும் இல்ல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரைல கிடக்கும். அதுக்கு அரசு குடுக்குற நிவாரணம் 5000மா இருந்துச்சு, 2023 ஆகஸ்ட்ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுல 8000 ஆக்குறதா முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சாரு. அந்த எட்டாயிரத்தையே 61 நாளுக்கு வகுத்து பாருங்க, ஒரு நாளைக்கு 131 ரூபா வருது, மாமா அத்தை மூணு பிள்ளைங்கன்னு அஞ்சு பேருக்கு வகுத்தா ஆளுக்கு 26 ரூபா. இதுல அம்மாவுக்கு எங்க இருந்து எடுத்து குடுப்பாரு? இவர ஆர்டிஓ முன்னாடி கொண்டு போய் நிறுத்தி என்ன வாங்கப் போறீங்க? நாளைக்கு அம்மாச்சிக்கு ராத்திரி நெஞ்சு வலின்னா தூக்கிட்டு ஓடப் போறது திருப்பூர்ல இருக்க நீங்க இல்ல, அந்த மாமாதான். பென்சனுக்கு ஒரு பேப்பர் வேணும்ங்குறதுக்காக அந்த உறவ வெட்டிராதீங்க.

அதுக்கு பதிலா நான் சொல்ற வழி, மாமாவையே உங்க பக்கம் இழுங்க. அம்மாவ பாத்துக்க எனக்கு மனசு இருக்கு வருமானம் இல்லன்னு அவரே ஒரு வாக்குமூலம் எழுதி குடுக்கட்டும். படகுல கூலிக்கு போறது, சொந்த படகு இல்லாதது, பிள்ளைங்க படிக்கிறது, தடைக்கால கணக்கு, மீனவர் கூட்டுறவு சங்க பாஸ்புக் நகல், இதெல்லாம் சேர்த்து. எழுதி குடுக்க அவருக்கு கூச்சமா இருக்கும். மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கயில ஆத்தாக்காரி கவருமெண்டு காசு வாங்குறாகன்னு ஊரு பேசும், பேசத்தான் செய்யும், அந்த பேச்சுக்கு பயந்தே பாதி மகன்கள் விசாரணைக்கு வர்ற ஆர்ஐகிட்ட, நான்தான் பாத்துக்குறேன் சார், எங்க அம்மாவுக்கு என்ன குறைன்னு மீசைய முறுக்கிட்டு நிப்பாங்க. மனு அங்கயே செத்துரும். அப்படி ஒரு வார்த்தை உங்க மாமா வாய்ல வந்துச்சான்னு மொதல்ல விசாரிங்க, எனக்கென்னமோ வந்திருக்கும்னு தோணுது. அவர உக்கார வச்சு, இது பிச்சை இல்ல மாமா, 1962ல மாசம் இருபது ரூபான்னு ஆரம்பிச்சதுல இருந்து இப்படிப்பட்ட அம்மாக்களுக்குன்னே அரசாங்கம் ஒதுக்குற காசுன்னு பக்குவமா சொல்லுங்க. பாசத்துக்கும் வருமானத்துக்கும் முடிச்சு போட்டு பேச வேண்டியதில்ல, விசாரணைக்கு வர்றவருக்கு தேவை வருமானக் கணக்கு மட்டும்தான்.

சொத்து விசயமும் பாத்துக்கோங்க. அம்மாச்சி பேர்ல இருக்க அசையா சொத்து மதிப்பு ஒரு லட்சத்துக்குள்ள இருக்கணும். கொட்டகை இருக்க மனை யாரு பேர்ல இருக்குன்னு தெரியுமா? தாத்தா பேர்லயே கிடந்தா அதையும் ஒரு காரணமா சொல்லுவாங்க. புறம்போக்குன்னா கவலை இல்ல.

வயசு சண்டைய விடுங்கன்னு மேல சொன்னேன், இருந்தாலும் ரெண்டு வார்த்தை. வோட்டர் கார்ட காட்டி ஆதார்ல பிறந்த தேதிய மாத்த முடியாது, பிறப்புச் சான்று, பள்ளிக்கூட சான்று மாதிரி ஏதாச்சும் கேப்பாங்க, பள்ளிக்கூட பக்கமே போகாத அம்மாச்சிக்கு அது எங்க இருக்கும்? அந்த 01.01ங்குறதே ஆதார் கேம்ப்ல உத்தேசமா அடிச்சதுன்னு பாத்தாலே தெரியும், நம்ம ஊர்ல பாதி கெழவன் கெழவிக்கு ஜனவரி ஒண்ணுதான் பொறந்தநாள். பிறந்த தேதிக்கு ஆதார் சாட்சி ஆகாதுன்னு 2024ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு விபத்து இழப்பீட்டு வழக்குல சொல்லிருக்கு, ஆனா தாலுகா ஆபீஸ்ல ஆதார்ல இருக்க தேதிய மீறி எழுத எல்லாரும் தயங்குவாங்க. அதனால முதியோர் திட்டத்துலதான் போடுவேன்னு நீங்க நின்னா உங்களுக்கு இருக்க ஒரே நல்ல ஆயுதம் மாமாவோட பள்ளிக்கூட டிசி. மாமா 1979 பக்கம் பொறந்திருப்பாருன்னு வைங்க, அம்மாச்சி 1968ன்னா பதினோரு வயசுல பிள்ள பெத்தாங்களா? மூத்த பிள்ளையோட வயச வச்சு தாய் வயச கணக்கு பண்றது எங்க ஆபீஸ்ல பழைய பழக்கம், அதோட அரசு டாக்டர்கிட்ட வயசு சான்றும் வாங்கி வைக்கலாம். ஆனா மறுபடியும் சொல்றேன், விதவை திட்டத்துல போனா இந்த தலைவலி இல்ல.

கண்ணு தெரியலன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்களே தம்பி. அது புரையா இருந்தா ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரில காசில்லாம ஆபரேசன் பண்ணி விட்ருவாங்க, பென்சன விட அது பெருசு, மொதல்ல அத பாருங்க. பாத்து, இதுக்கு மேல சரி ஆகாதுன்னு சொல்லி 40 சதவீதத்துக்கு மேல பார்வை குறைவுன்னு சான்று குடுத்தா மாற்றுத்திறனாளி உதவித்தொகைன்னு மூணாவது வாசல் இருக்கு, அது 2023 ஜனவரில இருந்து 1500 ரூபா. ஒரு ஆளுக்கு ஒரு பென்சன்தான், ரெண்டு மூணுல கால் வைக்க முடியாது, எது கூடுதலோ எது சீக்கிரமோ அத எடுத்துக்கோங்க.

அத்தைக்கு தைரியம் சொல்லுங்க. கலைஞர் மகளிர் உரிமைத்தொகை ஆரம்பிச்சப்ப பென்சன் வாங்குற ஆள் இருக்க குடும்பத்துக்கு கிடையாதுன்னுதான் விதி போட்டாங்க, அதனாலதான் இந்த பயம் இன்னும் ஊர்ல சுத்துது. ஆனா 2023 ஆகஸ்ட்லயே அத தளர்த்திட்டாங்க, முதியோர் பென்சன் வாங்குறவங்க வீட்ல இருக்க, பென்சன் வாங்காத மத்த தகுதியான பெண் உரிமைத்தொகை வாங்கலாம்னு. ரெண்டையும் ஒரே ஆள் வாங்கக் கூடாதுங்குறதுதான் கணக்கு. கார்டு தனியா பிரிஞ்சிட்டா இந்த பேச்சே எழாது. இத சொல்லி புரிய வைக்கலன்னா, விசாரணைக்கு வர்றவங்ககிட்ட அத்தையே எங்க கூடத்தான் சாப்பிடுறாங்கன்னு சொல்லி விட்ருவாங்க, அது அவங்க குத்தமில்ல, ஆயிரம் ரூபா போயிரும்ங்குற பயம்.

இப்ப மனு போடுற விதம். பழைய மனு நம்பர் இ-சேவை ரசீதுல இருக்கும், அத வச்சு திருவாடானை தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்டிஐல, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, ஒரு கடுதாசி போடுங்க, பத்து ரூபா கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டுனா போதும், இந்த மனு மேல விஏஓ, ஆர்ஐ குடுத்த விசாரணை அறிக்கை நகல் வேணும்னு மட்டும் கேளுங்க, வேற கத எதுவும் எழுதாதீங்க. முப்பது நாள்ல பதில் தரணும். அந்த நகல் கைல வந்தா விஏஓ வாய்ல சொன்னது என்ன பேப்பர்ல எழுதுனது என்னன்னு தெரியும். நேர்ல வந்து விசாரிச்சதா தேதி போட்டு எழுதிருந்து, அம்மாச்சி யாருமே வரலன்னு சொன்னாங்கன்னா அத புது மனுவுல ஒரு வரியா எழுதுங்க, கோவமா எழுதாதீங்க, தேதிய மட்டும் எழுதுங்க.

அது வர்றதுக்குள்ள இறப்புச் சான்று வேலைய நகர்த்துங்க. ரெண்டும் கைல வந்ததும் விதவை உதவித்தொகைக்கு இ-சேவைல புது மனு, கூடவே மாமா வாக்குமூலம், தனி கார்டு அல்லது அதுக்கு விண்ணப்பிச்ச ரசீது. அதே வாரம் திங்கக்கிழமை அம்மாச்சிய கூட்டிட்டு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு போங்க, நேர்ல விசாரிச்சு முடிவெடுக்க கோருறேன்னு எழுதி, ஒப்புகை வாங்காம வராதீங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து இறங்கி வர்ற மனுவுக்கு தாலுகாவுல பதில் எழுதியே ஆகணும், அதனால யாராச்சும் ஒருத்தர் வீட்டு வாசலுக்கு வந்துதான் தீரணும். லீவு கிடைக்கலன்னா மாமாவ கூட்டிட்டு போகச் சொல்லுங்க, மகனே அம்மாவ கைய பிடிச்சு கூட்டிட்டு வந்து கேக்குறது நீங்க வர்றத விட எடுபடும். 1100 முதல்வர் உதவி மையத்துலயும் பதிவு பண்ணி வைங்க. தகுதி இருக்குன்னு எழுதிட்டாலும் உடனே வராது, காத்திருப்பு பட்டியல்ல பேர் நிக்கலாம், அந்த நேரத்துலதான் ஆறாயிரக்காரர் மறுபடி வருவாரு.

சாங்சன் ஆனதுக்கு அப்புறம் வர்ற தொல்லை ஒண்ணு இருக்கு, அத இப்பவே சொல்லிர்றேன். பணம் பேங்க் அக்கவுண்டுக்கு வரும், ஊருக்குள்ள மிசின் கொண்டு வர்ற பேங்க் முகவர்கிட்ட ரேகை வச்சு எடுக்கணும். மீன் அறுத்து, உப்புல கை ஊறி, கருவாடு கிளறி இருபது முப்பது வருசம் வேல பாத்த கைல ரேகை எங்க இருக்கும்? மிசின் எடுக்காது. நாளைக்கு வாங்க பாட்டி, நாளான்னைக்கு வாங்கன்னு இழுப்பாங்க, சில பேரு எடுத்து குடுத்துட்டு அம்பது நூறு பிடிச்சுக்குவாங்க. அவருக்கு கமிசன் பேங்க் குடுக்குது, பாட்டி குடுக்க வேண்டியதில்ல, ஆனா கண்ணு தெரியாத மனுசிக்கு எத்தன நோட்டு கைல வச்சாங்கன்னே தெரியாதே. அதனால ஆதார் சென்டர்ல ரேகையும் கண் விழியும் புதுசா பதிஞ்சு வைங்க, ஆபரேசன் பண்றதா இருந்தா அது முடிஞ்சு கண்ணு தெளிஞ்ச பிறகு பதியுங்க. பேங்க் பாஸ்புக்க அம்மாச்சி கைலயே வைங்க, மெசேஜ் உங்க போன் நம்பருக்கு வர்ற மாதிரி குடுத்தீங்கன்னா எவ்வளவு வந்துச்சு எவ்வளவு எடுத்தாங்கன்னு திருப்பூர்ல இருந்தே பாக்கலாம். இந்த பென்சன் வாங்குறவங்களுக்கு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலையும், மாசம் ரேசன் கடைல தனி அரிசியும் உண்டு, சத்துணவு மையத்துல சாப்பிடாதவங்களுக்கு நாலு கிலோ, அதையும் கேட்டு வாங்கச் சொல்லுங்க, கேக்கலன்னா யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க.

இன்னொண்ணு. பென்சன் வந்ததும் அம்மாச்சிய திருப்பூருக்கு கூட்டிட்டு வந்து வச்சுக்கலாம்னு ஒரு ஆசை வரும், நல்ல ஆசைதான், ஆனா பென்சன்தாரர் இருக்காங்களான்னு அப்பப்ப சரிபார்க்க வருவாங்க, அப்ப கொட்டகை பூட்டிக் கிடந்தா ஊரில் இல்லைன்னு எழுதி நிறுத்திருவாங்க, நிறுத்துனத திரும்ப ஓட வைக்கிறது புதுசா வாங்குறத விட அலைச்சல். மாசக்கணக்குல கூட்டிட்டு வர்றதா இருந்தா விஏஓவுக்கு முன்கூட்டி எழுதி குடுத்து நகல்ல கையெழுத்து வாங்கிக்கோங்க, மாமா நம்பரையும் அவர்கிட்ட குடுத்து வைங்க. ஆர்டிஐ பதில் வந்ததும் அந்த விசாரணை அறிக்கைய போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க தம்பி, அதுல இருக்க வார்த்தைய பாத்துட்டுதான் புது மனுவுல என்ன எழுதணும்னு சொல்ல முடியும்.